சர்க்கரை மாத்திரையோடு இன்னொரு மருந்து சேருமா, சேராதா: அதை எப்படிச் சோதிக்கிறார்கள்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலை, இரவு இரண்டு வேளை. பிரஷருக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின். இப்போது யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு லீவோஃப்ளாக்சசின் எழுதியிருக்கிறார்கள். நெட்டில் ஒரு இன்டராக்‌ஷன் செக்கரில் எல்லாப் பெயரையும் போட்டால் பாதிக்கு மேல் மஞ்சளும் சிவப்புமாக வருகிறது. டாக்டர் 'ஒன்றும் ஆகாது' என்கிறார். இதையெல்லாம் உண்மையிலேயே யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? எப்படி?

பதில்:

சோதித்திருக்கிறார்கள். ஆனால் எல்லா ஜோடிகளையும் அல்ல. சோதித்தவற்றையும் ஒரே விதமாக அல்ல. செக்கரின் பெரிய குறையே இதை மறைப்பதுதான். ஆட்களுக்கு மருந்து கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து அளந்து சொன்ன முடிவுக்கும் மஞ்சள். 'இந்த வகை மருந்துகள் சர்க்கரையைச் சற்றுக் கூட்டலாம்' என்று எதற்கும் இருக்கட்டும் என லேபிளில் எழுதி வைத்த வரிக்கும் அதே மஞ்சள். மருந்தியல் பாடம் எடுப்பவன் என்ற முறையில் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறதா, இருந்தால் அது எவ்வளவு, யாரிடம் அளந்தது?

அவசரத்துக்கு முதலில் ஒன்று. உங்கள் பட்டியலில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு ஜோடி: கிளிமிபிரைடும் லீவோஃப்ளாக்சசினும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன். இடையில் உள்ளது, ஏன் அந்த ஒன்று மட்டும் என்பதற்கான விளக்கம்.

இரண்டு மருந்துகள் இரண்டு வழிகளில் மோதிக்கொள்ளும். ஒன்று, ஒரு மருந்து இன்னொன்றின் அளவை ரத்தத்தில் ஏற்றும் அல்லது இறக்கும். மற்றொன்று, அளவு அப்படியே இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே திசையில் வேலை செய்து சர்க்கரையைத் தள்ளிவிடும். முதலாவதைச் சோதிப்பதற்கு உலகம் முழுவதும் ஒரு வாய்ப்பாடு வந்துவிட்டது. இரண்டாவதற்கு அவ்வளவு நேர்த்தியான வாய்ப்பாடு இல்லை. சர்க்கரை நோயாளியை உண்மையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதில் இரண்டாவதற்குப் பெரிய பங்கு உண்டு.

அளவுச் சோதனை ஆய்வகத்தில் தொடங்கும். மனித ஈரல் செல்களையும், அவற்றிலிருந்து பிரித்தெடுத்த நொதிகளையும் வைத்து, புதிய மருந்தை எந்த நொதி உடைக்கிறது, இந்த மருந்து எந்த நொதியைத் தடுக்கிறது என்று பார்ப்பார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளைப் பெரும்பாலும் உடைப்பது சிப்-2சி9 என்ற ஈரல் நொதி. ரிபாக்ளினைடு, பயோக்ளிடசோன் இரண்டுக்கும் முக்கியமாக சிப்-2சி8. சாக்சாக்ளிப்டினுக்கு சிப்-3ஏ4. மெட்ஃபார்மினை ஈரல் உடைப்பதே இல்லை. அது உருமாறாமல் அப்படியே சிறுநீரில் போகிறது. ஆகவே 'சர்க்கரை மருந்து' என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதிலே கிடையாது. ஒவ்வொன்றும் வெளியேறும் வழி வேறு, மாட்டிக்கொள்ளும் இடமும் வேறு.

ஆய்வகத்தில் சந்தேகம் வந்தால் மனிதர்களிடம் போவார்கள். சாதாரணமாக ஒரு டஜன், இரண்டு டஜன் ஆரோக்கியமான தன்னார்வலர்கள். ஒரு முறை மருந்தைத் தனியாகக் கொடுப்பார்கள். இடைவெளி விட்டு, இன்னொரு முறை சந்தேகப்படும் மருந்தோடு சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு முறையும் கையில் ஊசிக்குழாய் போட்டு, குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து, மருந்தின் அளவை வரைபடமாகப் போடுவார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கணக்கு. உடம்பு மொத்தமாக எவ்வளவு மருந்தைச் சந்தித்தது என்பதன் அளவு அது. சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பரப்பு 80 முதல் 125 சதவீதத்துக்குள் நின்றால் பொதுவாகப் பாதிப்பு இல்லை என்று வைத்துக்கொள்வார்கள். 1.25 மடங்கிலிருந்து 2 வரை என்றால் தடுக்கிற மருந்து லேசான தடுப்பான். 2 முதல் 5 வரை நடுத்தரம். 5 மடங்கும் அதற்கு மேலும் என்றால் பலமான தடுப்பான். நாடுகளுக்கிடையே இந்த விதிகள் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தன. 2024-ல் ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பு எம்12 என்ற பொது வழிகாட்டியை வெளியிட்டு அவற்றை ஒன்றாக்கியது.

இந்தச் சோதனை எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது, அதே சமயம் எங்கே ஏமாறும் என்பதற்கு ஹெல்சின்கியில் நடந்த ஒரு ஆய்வைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 2003-ல் மிக்கோ நியெமி, பெர்ட்டி நியுவோனன் குழுவினர் வெளியிட்டது. மருந்து, சாப்பாட்டுக்கு முன் போடும் ரிபாக்ளினைடு. தன்னார்வலர்கள் 12 பேர், யாருக்கும் சர்க்கரை நோய் இல்லை. ஒவ்வொருவரும் நான்கு சுற்று வந்தார்கள்: ஒரு சுற்றில் வெற்று மாத்திரை, ஒன்றில் கொழுப்பு மருந்தான ஜெம்ஃபைப்ரோசில், ஒன்றில் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல், ஒன்றில் இரண்டும் சேர்த்து. மூன்று நாள் இவற்றைச் சாப்பிட்ட பிறகு ரிபாக்ளினைடு ஒரே ஒரு டோஸ், வெறும் 0.25 மில்லிகிராம். சிகிச்சை தொடங்கும் வழக்கமான அளவே 0.5; அதில் பாதி. சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை கொடுக்கும்போது இவ்வளவு எச்சரிக்கை தேவை. இந்த மாதிரி ஆய்வுகளில் மருந்தின் அளவோடு ரத்தச் சர்க்கரையையும் கூடவே அளந்துகொண்டிருப்பார்கள்.

இட்ராகோனசோலால் அந்தப் பரப்பு 1.4 மடங்கு ஆனது. அது எதிர்பார்த்ததுதான். ஜெம்ஃபைப்ரோசிலால் 8.1 மடங்கு. இரண்டும் சேர்ந்தபோது 19.4 மடங்கு. 1.3 மணி நேரத்தில் பாதியாகக் குறைய வேண்டிய மருந்துக்கு 6.1 மணி நேரம் ஆனது. ஏழாவது மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்த ரிபாக்ளினைடு, வெற்று மாத்திரைச் சுற்றில் இருந்ததைப்போல் 70 மடங்கு. ஒரு வேளைச் சாப்பாட்டைச் சமாளித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பதற்காகவே உருவாக்கிய மாத்திரை, அடுத்த வேளை வரை உட்கார்ந்திருந்தது. அதே ஆண்டிலேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரிபாக்ளினைடையும் ஜெம்ஃபைப்ரோசிலையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று அறிவித்தது.

இதில் என்னை இன்றும் யோசிக்க வைப்பது எண்கள் அல்ல. ஆய்வகத்தில் ஜெம்ஃபைப்ரோசிலைத் தனியாக நொதிகள் மேல் விட்டபோது அது அதிகமாகத் தடுத்தது சிப்-2சி9-ஐ. சிப்-2சி8-ஐ அவ்வளவாக இல்லை. மனித உடம்பிலோ தலைகீழ். காரணம் பிறகுதான் தெளிவானது: ஈரல் ஜெம்ஃபைப்ரோசிலோடு குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டி ஒரு துணைப்பொருளை உண்டாக்குகிறது, சிப்-2சி8-ஐ நிரந்தரமாக முடக்குவது அந்தத் துணைப்பொருள். மருந்தை மட்டும் சோதித்தால் போதாது, உடம்பு அதை எதுவாக மாற்றுகிறதோ அதையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது பாடப்புத்தக உதாரணம் ஆகிவிட்டது. 2014-ல் அதே ஹெல்சின்கியிலிருந்து இன்னொன்று வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க இதய நோயாளிகள் சாப்பிடும் குளோபிடோக்ரெலின் துணைப்பொருளும் அதே வேலையைச் செய்கிறது: 300 மில்லிகிராம் கொடுத்த அன்று ரிபாக்ளினைடு 5.1 மடங்கு, தினசரி 75 மில்லிகிராமில் 3.9 மடங்கு. குளோபிடோக்ரெல் சந்தைக்கு வந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. சர்க்கரையும் இதய நோயும் ஒன்றாக இருப்பவர்கள் லட்சக்கணக்கில். நல்லவேளை, நம் ஊரில் ரிபாக்ளினைடு எழுதுவது அபூர்வம்.

நம் ஊரில் எழுதுவது கிளிமிபிரைடு, அதுவும் ஏராளமாக. அதற்கு ஹெல்சின்கிக் குழு 2001-ல் சொன்ன எண்: பூஞ்சை மருந்தான ஃபுளூகோனசோலோடு சேர்த்தால் பரப்பு ஏறத்தாழ 2.4 மடங்கு. இங்கேதான் நம் மருந்துக் கடைப் பழக்கம் உள்ளே வருகிறது. டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்து மலிவு விலை மாத்திரைகள் வந்த பிறகு அதைச் சாப்பிடுவோர் பெருகிவிட்டார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வருவது வழக்கமான பக்கவிளைவு. வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கடையில் கேட்டு ஃபுளூகோனசோல் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களில் பலர் கிளிமிபிரைடும் சாப்பிடுபவர்கள். ஒரே ஒரு 150 மில்லிகிராம் மாத்திரையால் பெரிதாக எதுவும் நடக்காமல் போகலாம். தேமலுக்கும் படர்தாமரைக்கும் வாரக்கணக்கில் போடும்போது கதை வேறு. டாபாக்ளிஃப்ளோசினும் ஃபுளூகோனசோலும் நேரடியாக மோதுவதில்லை என்பதால் இந்தச் சங்கிலியைச் செக்கர் காட்டாது.

இன்னொன்றும் உண்டு. சிப்-2சி9 எல்லோருக்கும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை; பிறவியிலேயே மெதுவான வடிவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். தென்னிந்தியர்களிடம் அந்த வடிவம் அரிதல்ல என்பதைப் புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையினர் முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பின்லாந்து இளைஞர்கள் 12 பேரிடம் கிடைத்த 2.4 என்பது ஒரு சராசரி மட்டுமே. உங்கள் வீட்டில் அது 2 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம்.

மெட்ஃபார்மின் கதை வேறு. ஈரல் உடைக்காத மருந்து என்பதால் அதற்கு இன்டராக்‌ஷனே இல்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் சிறுநீரகம் அதை வடிகட்டி மட்டும் விடுவதில்லை. சிறுநீரகச் செல்களில் ஓசிடி2, மேட் என்ற கடத்திகள் அதை ரத்தத்திலிருந்து பிடித்துச் சிறுநீருக்குள் தள்ளுகின்றன. அந்தக் கடத்திகளை வேறு மருந்து மறித்தால் மெட்ஃபார்மின் தேங்கும். 1987-லேயே, அல்சருக்கு அப்போது எல்லோரும் சாப்பிட்ட சிமெடிடின், மெட்ஃபார்மினை 50 சதவீதம் ஏற்றுவதை ஏழு பேரிடம் காட்டினார்கள். இன்று முக்கியமானது டோலுடெக்ராவிர். எச்ஐவி சிகிச்சைக்கு நம் அரசு ஏஆர்டி மையங்களில் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் இது இருக்கிறது. தினம் ஒரு வேளை 50 மில்லிகிராம் சாப்பிட்டால் மெட்ஃபார்மின் 79 சதவீதம் ஏறுகிறது. இரண்டு வேளை என்றால் 145 சதவீதம். அதனால்தான் இரண்டும் சேரும்போது மெட்ஃபார்மின் நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள்.

சிறுநீரகத்தின் நிலையை அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினினும் அதே கடத்திகள் வழியாகத்தான் ஓரளவு வெளியேறுகிறது. ஆகவே டோலுடெக்ராவிர் தொடங்கியதும் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் லேசாக ஏறும், சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலேயே. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கில் உள்ள ட்ரைமெத்தோப்ரிமும் இதையே செய்யும். இதைத் தெரியாமல் 'கிட்னி போய்விட்டது' என்று பயந்து மெட்ஃபார்மினை நிறுத்துபவர்களும் உண்டு. உண்மையாகவே சிறுநீரகம் கெட்டிருக்கும்போது 'மருந்தால் ஏறியதுதான்' என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே தப்பு, அந்த இடத்தில் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்றுவது போலவே இறக்குவதும் சோதனைக்கு உட்பட்டதுதான். இதில் நமக்கு முக்கியமானது ரிஃபாம்பிசின். காசநோயும் சர்க்கரையும் ஒரே ஆளிடம் இருப்பது இங்கே சர்வசாதாரணம். ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி, உடைக்கும் நொதிகளை அதிகமாகத் தயாரிக்க வைக்கிறது. ஆறு நாள் ரிஃபாம்பிசின் கொடுத்து அளந்தபோது கிளிக்லசைடின் பரப்பு 70 சதவீதம் குறைந்தது. கிளிபென்கிளமைடு 39 சதவீதம், கிளிமிபிரைடு 34 சதவீதம் குறைகிறது. மெட்ஃபார்மின் குறைவதில்லை. ஆகவே காசநோய் மருந்து தொடங்கிய சில வாரங்களில் சர்க்கரை ஏறினால், தொற்றும் காரணமாக இருக்கலாம், மாத்திரை வேகமாக உடைந்துபோவதும் காரணமாக இருக்கலாம். டோஸைக் கூட்டுவார்கள், இன்சுலின் போடுவார்கள், அது சரி. ஆபத்து ஆறு மாதம் கழித்துக் காத்திருக்கிறது. ரிஃபாம்பிசினை நிறுத்தியதும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஈரல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிய கிளிமிபிரைடு மட்டும் அப்படியே தொடர்ந்தால், 'டிபி குணமாகிவிட்டது' என்ற சந்தோஷத்தின் நடுவே லோ சுகர் வந்து நிற்கும். காசநோய் மாத்திரை முடிகிற தேதியைச் சர்க்கரை டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி இரண்டாவது வழி. அளவு மாறாது, விளைவு மட்டும் கூடும். உங்கள் அம்மாவின் விஷயம் இதில்தான் வருகிறது.

சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் பிறந்ததே தொற்று மருந்திலிருந்துதான். 1942-ல் பிரான்சின் மாண்ட்பெல்லியேவில் மார்செல் ஜான்போன் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்து கொடுத்தபோது சிலருக்குச் சர்க்கரை விழுந்தது, இறந்தவர்களும் உண்டு. அங்கேயே இருந்த ஓகுஸ்த் லூபாத்தியேர் நாய்களிடம் சோதித்து, அது கணையத்திலிருந்து இன்சுலினை வெளியேற்றுகிறது என்று காட்டினார். அதிலிருந்துதான் பிறகு டோல்புடமைடு என்ற சர்க்கரை மாத்திரை வந்தது. ஆக, கோட்ரைமாக்சசோலில் இருக்கும் சல்ஃபா, சர்க்கரை மாத்திரைக்கு ஒன்றுவிட்ட உறவு. லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் வேறு குடும்பம், ஆனால் போய்ச் சேருகிற இடம் அதுவே: கணையச் செல்லில் உள்ள பொட்டாசியம் சேனல். அது மூடினால் இன்சுலின் வெளியே வரும். கிளிமிபிரைடு அதை ஒரு பக்கத்தில் பிடித்து மூடுகிறது, இவை வேறொரு பக்கத்தில்.

இதை 12 இளைஞர்களிடம் எப்படிச் சோதிப்பது? ஆரோக்கியமான கணையம், நல்ல சிறுநீரகம், வேளைக்கு உணவு. அவர்களிடம் ஒன்றுமே தெரியாமல் போகும். ஒரு டோஸில் தெரியாதது, ஐந்து நாள் சரியாகச் சாப்பிடாத 70 வயதுக்காரரிடம் தெரியும். அதனால் இங்கே ஆதாரம் வேறு இடத்திலிருந்து வருகிறது: லட்சக்கணக்கான பேரின் மருந்துச் சீட்டையும் ஆஸ்பத்திரிப் பதிவையும் பொருத்திப் பார்ப்பது. கனடாவின் ஒண்டாரியோவில் 2006-ல் வெளியான ஆய்வு, லீவோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்த காட்டிஃப்ளாக்சசின் முதியவர்களுக்குச் சர்க்கரை விழும் வாய்ப்பை 4.3 மடங்காகவும், ஏறும் வாய்ப்பை 16.7 மடங்காகவும் ஆக்குவதைக் காட்டியது. ஒரே மருந்து இரண்டு திசையிலும் தள்ளியது. இந்தியா 2011 மார்ச்சில் காட்டிஃப்ளாக்சசின் மாத்திரையையும் ஊசியையும் தடை செய்தது. கண் சொட்டு மருந்து மட்டும் மிஞ்சியது. அதற்குள் இங்கே எத்தனை பேர் அதைச் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

2014-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், மெடிகேர் என்ற அரசு முதியோர் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து வந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கம். கிளிமிபிரைடின் குடும்பத்தைச் சேர்ந்த கிளிபிசைடு அல்லது கிளிபென்கிளமைடு சாப்பிடும் முதியவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவு சர்க்கரை விழும் வாய்ப்பு கிளாரித்ரோமைசினோடு ஏறத்தாழ 4 மடங்கு, லீவோஃப்ளாக்சசினோடு 2.6, கோட்ரைமாக்சசோலோடு 2.56, மெட்ரோனிடசோலோடு 2.1, சிப்ரோஃப்ளாக்சசினோடு 1.6. காய்ச்சல் வந்தால் யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள், அதனாலேயே சர்க்கரை விழும் அல்லவா? அந்தக் கேள்வி அவர்களுக்கும் இருந்தது. அதனால் ஒப்பிட்டது மருந்தே சாப்பிடாதவர்களோடு அல்ல. மோதாத வேறு ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களோடு. அதனால்தான் இந்த எண்களை நான் மதிக்கிறேன். ஒன்றை மறக்க வேண்டாம்: 2.6 மடங்கு என்பது சிறிய வாய்ப்பின் 2.6 மடங்கு. லீவோஃப்ளாக்சசின் சாப்பிட்ட பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் சொன்னதிலும் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்களும் இந்த இரண்டாவது வகைதான், கொஞ்சம் வஞ்சகமான முறையில். புரோப்ரனலால் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை விழும்போது படபடப்பும் கை நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். அதை மட்டுமே நம்பிப் பிடிக்க வேண்டும்.

சர்க்கரைக்கும் எடை குறைக்கவும் போடும் புதிய ஊசிகள் எதிர்த்திசையில் சிக்கல் தருபவை. அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் கூடச் சாப்பிடும் மாத்திரைகள் மெதுவாக உறிஞ்சப்படும். இதைச் சோதிக்கப் பாரசிட்டமாலைக் கொடுத்து அது எப்போது ரத்தத்தில் உச்சத்துக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். எளிமையான, மலிவான தந்திரம். 2025-ல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடின் முதல் 5 மில்லிகிராம் ஊசிக்குப் பிறகு, கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ரடயோலின் உச்ச அளவு 59 சதவீதம் குறைந்தது. அதனால் தொடங்கிய நான்கு வாரமும், டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும், ஆணுறை போன்ற கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்கிறது லேபிள். எடை குறைக்கவென்று இதைப் போடும் இளம் பெண்களிடம் இதைச் சொல்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். வாய்வழி செமாக்ளூடைடு மாத்திரையோ தைராய்டு மருந்தின் அளவை 33 சதவீதம் ஏற்றுகிறது. இரண்டையும் வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதால் காலையில் ஒரே நேரத்தில் விழுங்குபவர்கள் இருப்பார்கள்.

பாகற்காய் ஜூஸ், வெந்தயப் பொடி, ஆவாரம்பூ கஷாயம் பற்றியும் எப்படியும் கேட்பீர்கள். பாகற்காயும் பூண்டும் சேர்ந்த குழம்பு, குளோர்ப்ரோபமைடு என்ற சர்க்கரை மாத்திரையின் விளைவைக் கூட்டிய ஒரு சம்பவம் 1979-லேயே லான்செட் இதழில் வந்திருக்கிறது, பிரிட்டனில் வாழ்ந்த ஒரு பாகிஸ்தானியப் பெண்ணைப் பற்றி. ஆனால் ஜெம்ஃபைப்ரோசிலுக்குக் கிடைத்த மாதிரி ஒரு எண் இவற்றுக்குக் கிடையாது. காய்க்குக் காய், கைப்பிடிக்குக் கைப்பிடி அளவு மாறும்போது எதை வைத்து அளப்பது? குழம்பாகச் சாப்பிடுவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் ஜூஸ் என்றால் அதையும் மருந்துப் பட்டியலில் எழுதுங்கள். பெயரில்லாத 'சர்க்கரைப் பொடி' என்றால் வேண்டவே வேண்டாம். உள்ளே கிளிபென்கிளமைடையே கலந்து விற்றவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு அட்டையைப் பார்த்தாலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர் மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மாத்திரைகள். பிராண்டு பெயரின் பின்னால் 'எம்', 'ஜிஎம்', 'விஜிஎம்' என்று சின்ன எழுத்து. 'மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்' என்று சொல்பவரின் அட்டைக்குப் பின்புறம் பார்த்தால் மூன்று மருந்துகள் இருக்கும். மத்திய அரசு 2018-ல் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் சர்க்கரைக் கூட்டுகளும் இருந்தன. இருந்தும் கடையில் இன்னும் பல வகைகள் உண்டு. செக்கரில் நீங்கள் போட்ட பெயர்கள் அட்டையின் பின்புறத்தில் இருந்தவையா, முன்புறத்தில் இருந்தவையா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வோக்ளிபோஸ் என்று இருந்தால் அது தனியாக முக்கியம், ஏன் என்று கீழே.

இனி உங்கள் அம்மா. அம்லோடிபினுக்கு வந்த மஞ்சள், மெட்ஃபார்மின் லேபிளில் அந்த வகை மருந்துகளைப் பொதுவாகக் குறிப்பிட்டிருப்பதால் வந்தது. அடோர்வாஸ்டாட்டினுக்கு வந்தது, ஸ்டாட்டின்கள் நாளடைவில் சர்க்கரையைச் சிறிதளவு ஏற்றும் என்பதால். இரண்டுக்காகவும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. லீவோஃப்ளாக்சசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போகிற மருந்து; எனவே சமீபத்திய கிரியேட்டினின் ரிப்போர்ட் டாக்டரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். 'கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், வேறு ஆன்டிபயாடிக் ஒத்துவருமா?' என்று நேரடியாகவே கேட்கலாம். யூரின் கல்ச்சரில் வேறு மருந்துக்கும் கிருமி அடங்குமானால் அவர் மாற்றக்கூடும். இதுதான் வேண்டும் என்றால் அதற்கும் காரணம் இருக்கும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பாதியில் விட்ட தொற்று சர்க்கரைக்கும் கெடுதல். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் லீவோஃப்ளாக்சசினுக்கும் அதற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராது.

ஆன்டிபயாடிக் நாட்களிலும், முடிந்த பிறகு ஓரிரு நாட்களும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கும் முன்னும் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி என்றால் அந்த வேளை மாத்திரை போடுவதற்கு முன் டாக்டருக்கு ஒரு போன். 70-க்குக் கீழே போனால், அல்லது வியர்த்துக் குழறினால், 15 கிராம் குளுக்கோஸ், சுமார் மூன்று டீஸ்பூன் பொடி, தண்ணீரில் கலந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்ளிபோஸ் சாப்பிடுபவராக இருந்தால் சீனியும் வெல்லமும் உடனே வேலை செய்யாது. அவற்றை உடைக்கும் குடல் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பொடியே வேண்டும், ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. கிளிமிபிரைடால் விழுந்த சர்க்கரை ஏறிவிட்டு மறுபடியும் விழும் என்பதால், சரியாகிவிட்டது என்று உடனே திரும்பக் கூட்டிவராதீர்கள். ஒரு நாள் கண்காணிப்பில் வைப்பார்கள்.

அப்படி ஏதாவது நடந்தால் அதைப் பதிவு செய்யவும் வழி உண்டு. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துக் குறியீட்டு ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, நோயாளியின் வீட்டாரும் சொல்லலாம். என்ன மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அட்டையையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பேட்ச் எண் கேட்பார்கள்.